தொடக்கப் பதிவு நீங்கிய கணிப்பொறியை மீட்டல்

பள்ளிக்கூடங்களிலும், வேளாண்மை, சுகாதாரம், புள்ளிவிவரம் முதலிய துறைகளின் கிளை அலுவலகங்களிலும் இன்று கணிப்பொறி இல்லாத இடம் அரிது. மாணாக்கரின் மதிப்பெண் பட்டியல், மண் பரிசோதனை முடிவு, தடுப்பூசிக் கணக்கு, மழையளவுக் குறிப்பு ஆகிய யாவும் அதனுள்ளேயே சேமித்து வைக்கப்படுகின்றன. அத்தகைய கணிப்பொறி ஒருநாள் காலையில் விசையை அழுத்தியதும் வழக்கம்போல் விழித்தெழாமல், கருந்திரையில் ஒற்றை வரியைக் காட்டி நின்றுவிடுமாயின் அலுவலகமே திகைத்துப் போகும்.

இந்நிலைக்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்று, யந்திரத்தில் யாதொரு பழுதும் இல்லாதபோதே மனிதர் கையால் நேரும் ஒரு சிறு பிழையாகும். தொடக்கப் பட்டியலில் வேண்டாத பதிவை நீக்குவதாக எண்ணி, வேண்டிய பதிவை நீக்கிவிடுதலே அப்பிழை. இது எளிதில் திருத்தத் தக்கது. ஆயினும், இதனைத் திருத்துவதாக எண்ணிச் செய்யப்படும் அவசரச் செயல்களே பெரும்பாலும் மீளாத இழப்புக்கு ஏதுவாகின்றன. ஆதலால், பதிவு நீங்கும்போது உண்மையில் மறைவது யாது, மறையாமல் நிற்பது யாது என்பதை முதலில் தெளிவாக உணர்தல் வேண்டும். அவ்வுணர்வு இருப்பின் மீட்கும் வழி தானே புலப்படும்.

தவறு நேரும் விதம்

ஓர் உயர்நிலைப் பள்ளியின் கணிப்பொறி அறையை உதாரணமாகக் கொள்ளலாம். அங்குள்ள கணிப்பொறி ஒன்றில் விண்டோஸ், லினக்ஸ் என்னும் இரண்டு இயக்க முறைமைகள் அமைக்கப்பட்டுள்ளன. நம் நாட்டில் இவ்வேற்பாடு புதியதன்று. மத்திய அரசின் கணிப்பொறி ஆராய்ச்சி நிறுவனமாகிய சி-டாக், லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட பாஸ் என்னும் இயக்க முறைமையை 2007-ஆம் ஆண்டில் வெளியிட்டது. 2011-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் மாணாக்கருக்கு இலவசமாக வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸும் அருகருகே இடம்பெற்றிருந்தன. இவ்வாறு இரண்டு முறைமைகள் ஒரே யந்திரத்தில் வாழும்போது, எதனை எழுப்புவது என்பதைத் தீர்மானிக்க ஒரு பட்டியல் தேவையாகிறது.

மேற்கூறிய பள்ளியின் ஆசிரியர் பழைய லினக்ஸ் பதிப்பு ஒன்றை அகற்றிவிட்டுப் புதிய பதிப்பை அமைத்திருக்கிறார். பழையது அகன்ற பின்னும் அதன் பெயர் தொடக்கப் பட்டியலில் எஞ்சி நிற்கிறது. அதனை நீக்கிப் பட்டியலைச் சீர்செய்ய அவர் விரும்புகிறார். பட்டியலில் நான்கு வரிகள் உள்ளன. அவற்றுக்கு 0000, 0001, 0002, 0003 என்று எண்கள் இடப்பட்டுள்ளன. இடையிலுள்ள இரண்டும் ஏறத்தாழ ஒரே பெயரைத் தாங்கியவை. நீக்க வேண்டியது 0001. அவர் கட்டளையில் எழுதியதோ 0002. “உறுதிதானா?” என்று யந்திரம் கேட்பதில்லை. வரி மறைந்துவிடுகிறது.

அன்று மாலைவரை கணிப்பொறி குறைவின்றி வேலை செய்கிறது. இயக்க முறைமை முன்னரே நினைவகத்தில் ஏற்றப்பட்டுவிட்டமையால், தொடக்கப் பட்டியல் அதற்கு அப்போது தேவைப்படுவதில்லை. மறுநாள் காலையில்தான் பிழை வெளிப்படுகிறது. கணிப்பொறி நேரே விண்டோஸுக்குள் செல்கிறது. லினக்ஸ் இருந்த சுவடே தெரியவில்லை. அரையாண்டுத் தேர்வின் மதிப்பெண்களோ லினக்ஸ் இருந்த பிரிவில்தான் உள்ளன.

இனி நிகழக்கூடியதே அபாயமானது. விண்டோஸ் முறைமை சாதாரணமாக லினக்ஸ் பிரிவைப் படித்தறிவதில்லை. அப்பிரிவுக்கு ஓர் எழுத்துப் பெயர் இட்டுத் திறக்க முயன்றால், “இதனைப் பயன்படுத்துமுன் ஃபார்மேட் செய்ய வேண்டும்” என்ற பொருள்படும் அறிவிப்பு திரையில் தோன்றும். அதற்கு இசைவு தெரிவித்து விசையை அழுத்துவோர் தம் கையாலேயே ஓராண்டு உழைப்பை அழித்தவர் ஆவர். அல்லது, அனுபவம் மிக்கவர் எனத் தம்மைக் கருதும் ஒருவர் வந்து, “எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றிவிடுவோம்” என்பார். முதல் பிழையில் நீங்கியது ஒரு வரி. இரண்டாம் பிழையில் நீங்குவது அனைத்தும்.

கணிப்பொறி விழித்தெழும் முறை

கணிப்பொறியின் செயல் நினைவகம் மின்சாரம் நின்றதும் யாவற்றையும் மறந்துவிடும் இயல்புடையது. ஆகவே ஒவ்வொரு நாளும் அது ஒன்றுமறியாத நிலையிலிருந்தே தொடங்குகிறது. இயக்க முறைமை வன்தட்டில் உறங்குகிறது. அதனை வன்தட்டிலிருந்து எடுத்து நினைவகத்தில் ஏற்ற ஒரு செய்நிரல் வேண்டும். அச்செய்நிரலை ஏற்றவோ மற்றொன்று வேண்டும். இச்சிக்கலுக்கு ஒப்பான ஒன்றை வயலில் காணலாம். கிணற்று நீரை இறைக்கும் பம்புக்கு முதலில் சிறிது நீர் ஊற்றினால்தான் அது பெருநீரை இழுக்கத் தொடங்கும். கணிப்பொறிக்கும் அவ்வாறே முதலில் ஊற்றும் ஒரு குவளை நீர் போன்ற சிறு செய்நிரல் தேவைப்படுகிறது.

இத்தேவை கணிப்பொறியின் தொடக்க நாள்களிலேயே உணரப்பட்டது. 1952-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 701 என்னும் யந்திரத்தில் இதற்கெனவே ஒரு விசை இருந்தது. அதனை அழுத்தினால் துளையிட்ட அட்டை, காந்த நாடா அல்லது காந்த உருளையிலிருந்து முதல் சொல் படிக்கப்படும். அது எஞ்சியவற்றைப் படிக்க வழிகாட்டும். 1975-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆல்டேர் 8800 என்னும் சிறு கணிப்பொறியிலோ, உபயோகிப்பவரே முகப்பிலுள்ள விசைகளை ஒவ்வொன்றாக மேலும் கீழும் தள்ளி அந்த முதற்செய்நிரலை எண்களாகப் புகுத்த வேண்டியிருந்தது. ஒரு விசை பிறழ்ந்தாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதே வழி.

இக்காலத்தில் அவ்வேலை நான்கு படிகளில் தானே நடைபெறுகிறது. மின்சாரம் பாய்ந்ததும் செயலி, தனக்கென விதிக்கப்பட்ட ஒரு குறித்த முகவரிக்குச் சென்று அங்குள்ள கட்டளையை நிறைவேற்றத் தொடங்குகிறது. அம்முகவரியில் இருப்பது ஃபர்ம்வேர் எனப்படும் நிலையான செய்நிரல். அது தாய்ப்பலகையிலுள்ள ஒரு சில்லில் எழுதப்பட்டது. இது முதற்படி. ஃபர்ம்வேர், நினைவகம், விசைப்பலகை, வன்தட்டு ஆகியவற்றைச் சோதித்தபின் தொடக்கப் பட்டியலைப் பார்த்து, அதில் குறிக்கப்பட்ட இடத்திலிருந்து பூட் லோடர் என்னும் சிறு செய்நிரலை எடுத்து இயக்குகிறது. இது இரண்டாம் படி. பூட் லோடர், இயக்க முறைமையின் கருவைக் கண்டெடுத்து நினைவகத்தில் ஏற்றுகிறது. இது மூன்றாம் படி. கரு பொறுப்பேற்று மற்றவற்றை எழுப்புகிறது. இது நான்காம் படி.

இந்நான்கினுள் இரண்டாம் படியிலும் மூன்றாம் படியிலும் பயன்படுபவை வெறும் முகவரிக் குறிப்புகளே என்பது கவனிக்கத்தக்கது. நிலப் பதிவேட்டில் ஒரு வரி அழிந்துபோனால் நிலம் மறைந்துவிடுவதில்லை; வரப்பும் பயிரும் இருந்த இடத்திலேயே இருக்கும். பதிவேட்டில் அவ்வரியை மீண்டும் சரியாக எழுதுவதே தேவை. தொடக்கப் பதிவின் நிலையும் இதுவே.

பழைய முறையும் புதிய முறையும்

தொடக்கக் குறிப்பை வைத்திருக்கும் முறை இருவகைப்படும். கிளை அலுவலகங்களில் பழைய யந்திரங்களும் புதியனவும் கலந்து இருப்பதால் இரண்டையும் அறிதல் நலம்.

முதலாவது, 1981-ஆம் ஆண்டில் வெளிவந்த ஐபிஎம் பீசியோடு பரவிய பயாஸ் முறை. இம்முறையில் வன்தட்டின் முதற்கூறான 512 பைட்டுகளே நுழைவாயில் ஆகும். அவற்றுள் 446 பைட்டுகளில் பூட் லோடரின் முற்பகுதியும், அடுத்த 64 பைட்டுகளில் தட்டின் பிரிவுகளைக் கூறும் அட்டவணையும், இறுதி 2 பைட்டுகளில் அடையாளக் குறியும் அமைந்திருக்கும். பிரிவு ஒன்றுக்கு 16 பைட்டுகள் வீதம் நான்கு பிரிவுகளை மட்டுமே அந்த அட்டவணையில் குறிக்க இயலும்.

இரண்டாவது, யூஇஎஃப்ஐ எனப்படும் முறை. இன்டெல் நிறுவனம் தொடங்கிய இம்முயற்சியை 2005-ஆம் ஆண்டில் அமைந்த தொழில்துறைக் கூட்டமைப்பு ஒன்று பொது விதிமுறையாக ஏற்று வளர்த்து வருகிறது. இதில் தொடக்கப் பட்டியல் வன்தட்டில் இருப்பதில்லை. தாய்ப்பலகையிலுள்ள, மின்சாரம் நின்றாலும் மறக்காத சிறு நினைவகத்தில் இருக்கிறது. பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயரும், எந்தத் தட்டு, எந்தப் பிரிவு, எந்தக் கோப்பு என்னும் முகவரியும் காணப்படும். எந்த வரியை முதலில் முயல வேண்டும் என்ற வரிசையும் தனியே எழுதப்பட்டிருக்கும். பூட் லோடரின் கோப்புகளோ, தட்டில் இதற்கென ஒதுக்கப்பட்ட ஒரு சிறு பிரிவில் வாழ்கின்றன. இப்பிரிவு பெரும்பாலும் 100 மெகாபைட் முதல் சில நூறு மெகாபைட் வரை அளவுடையது. அளவு சிறிதாயிருத்தல் கண்டு, பயனற்றதென எண்ணி இதனை அழித்தவர்களும் உண்டு.

லினக்ஸ் முறைமைகளில் பெரும்பாலும் பயன்படும் பூட் லோடர் கிரப் என்பதாகும். இதனை 1995-ஆம் ஆண்டில் எரிக் போலின் என்பவர் எழுதத் தொடங்கினார். விண்டோஸுக்கு அதன் சொந்த பூட் மேனேஜர் உண்டு. அது பிசிடி என்னும் ஒரு சிறு தொகுப்பிலிருந்து தன் குறிப்புகளைப் பெறுகிறது. ஆக, ஒரே கணிப்பொறியில் பட்டியல்கள் மூன்று வரை இருக்கலாம்: ஃபர்ம்வேரின் பட்டியல் ஒன்று, கிரப் காட்டும் பட்டியல் ஒன்று, விண்டோஸின் பட்டியல் ஒன்று. தவறு எந்தப் பட்டியலில் நேர்ந்தது என்பதைப் பொறுத்தே பரிகாரமும் அமையும்.

எது நீங்கியது என அறிதல்

மருத்துவர் நோயை அறிந்தபின்பே மருந்தை நிச்சயிப்பார். இங்கும் அம்முறையே ஏற்றது. திரையில் தோன்றும் குறிகளே நாடித்துடிப்பு ஆகும்.

பூட் செய்யத்தக்க சாதனம் எதுவுமில்லை என்ற அறிவிப்பு தோன்றினால், ஃபர்ம்வேரின் பட்டியலில் வரி நீங்கியிருக்கலாம். தட்டின் மின்வடம் கழன்றிருத்தலும் கூடும். ஃபர்ம்வேரின் அமைப்புத் திரைக்குச் சென்று, வன்தட்டின் பெயர் அங்குக் காணப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். யந்திரத்துக்கேற்ப டிலீட், எஃப்2, எஃப்10, எஸ்கேப் முதலிய விசைகளுள் ஒன்று அத்திரையைத் திறக்கும். தட்டின் பெயர் அங்கே காணப்பட்டால் தட்டு உயிரோடிருக்கிறது என்று கொள்ளலாம்.

இரண்டு முறைமைகளுள் ஒன்று மட்டும் எழுந்து மற்றொன்று காணப்படாவிடின், பட்டியல் வரி மட்டுமே நீங்கியிருத்தல் பெரும்பாலும் உறுதி. கிரப் ரெஸ்கியூ என்ற சொற்களோடு திரை நின்றுவிட்டால், கிரப்பின் முற்பகுதி எஞ்சியிருந்து அதன் மற்றக் கோப்புகள் மறைந்தன என்பது பொருள். விண்டோஸிலிருந்தபடி லினக்ஸ் பிரிவை அழித்தவர்கள் சாதாரணமாகக் காணும் குறி இதுவே. விண்டோஸின் பிசிடி கோப்பு காணவில்லை அல்லது அதில் பிழை உள்ளது என்று நீலத்திரை அறிவித்தால், குறைபாடு மூன்றாம் பட்டியலில் உள்ளது.

பிழையைக் கணிப்பொறியை நிறுத்துமுன்னரே உணர்ந்தால் அதுவே நற்பேறு. அப்போது கணிப்பொறியை நிறுத்தாமல், தேவையான கோப்புகளை வேறு சாதனத்தில் நகலெடுத்துக்கொண்டு, நீங்கிய வரியை அங்கேயே மீண்டும் எழுதிவிடலாம்.

மீட்கும் முறைகள்

எந்த முறைக்கும் முன்பாகத் தேவையானது, வேறொரு கணிப்பொறியில் ஆயத்தம் செய்த ஒரு பென் டிரைவ். லினக்ஸை வன்தட்டில் அமைக்காமலே பென் டிரைவிலிருந்து நேராக இயக்கலாம். அதனைக் கொண்டு கணிப்பொறியை எழுப்பியதும், முதல் வேலையாக வன்தட்டின் பிரிவுகளைத் திறந்து முக்கியமான கோப்புகளை வேறு தட்டில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். திருத்தம் பிறகு. நகல் கைக்கு வந்துவிட்டால், பின்னர் எத்தவறு நேரினும் அது பொறுக்கத்தக்கதாகிவிடும்.

அடுத்து ஒரு நுட்பம் கருதத்தக்கது. யூஇஎஃப்ஐ முறையில் அமைந்த கணிப்பொறியைத் திருத்த வேண்டுமாயின் பென் டிரைவையும் யூஇஎஃப்ஐ முறையிலேயே எழுப்புதல் வேண்டும். பழைய பயாஸ் முறையில் எழுப்பினால் ஃபர்ம்வேரின் பட்டியல் கண்ணுக்கே தெரியாது. பலர் மணிக்கணக்கில் முயன்று தோற்பது இச்சிறு காரணத்தால்தான்.

ஃபர்ம்வேரின் பட்டியலில் வரி மட்டும் நீங்கியிருப்பின், சில கணிப்பொறிகளின் அமைப்புத் திரையிலேயே புதிய வரியைச் சேர்க்க இடமுண்டு. அங்கே தொடக்கப் பிரிவைத் தேர்ந்து, அதனுள் ஈஎஃப்ஐ என்ற கோப்புறையையும், அதனுள் முறைமையின் பெயர் தாங்கிய கோப்புறையையும் திறந்து, பூட் லோடர் கோப்பைச் சுட்டிக்காட்டினால் போதும். இவ்வசதி இல்லாத யந்திரங்களில், பென் டிரைவிலுள்ள லினக்ஸில் ஈஎஃப்ஐ-பூட்-மேனேஜர் என்னும் கருவியைப் பயன்படுத்தலாம். புதிய வரிக்கு அது நான்கு விவரங்களைக் கேட்கும்: தட்டு எது, தொடக்கப் பிரிவின் எண் யாது, கோப்பு எங்குள்ளது, வரிக்கு இடும் பெயர் யாது. செக்யூர் பூட் என்னும் பாதுகாப்பு இயங்கும் யந்திரமாயின், கிரப் கோப்பை நேராகச் சுட்டாமல், அதற்கு முன்னோடியாகக் கையொப்பமிட்டு வைக்கப்பட்டுள்ள ஷிம் என்ற கோப்பையே சுட்ட வேண்டும்.

பட்டியலில் வரி இல்லாதபோதும் சில கணிப்பொறிகள் தாமே எழுவதுண்டு. ஈஎஃப்ஐ கோப்புறையினுள் பூட் என்னும் கோப்புறையில் ஒரு பொதுப்பெயரோடு வைக்கப்பட்ட கோப்பைத் தேடிப் பார்க்கும்படி யூஇஎஃப்ஐ விதிமுறை வழிவகுத்திருப்பதே இதற்குக் காரணம்.

பூட் லோடரின் கோப்புகளே அழிந்திருந்தால் அவற்றை மீண்டும் எழுதுதல் வேண்டும். லினக்ஸில், பென் டிரைவிலிருந்து எழுந்தபின், வன்தட்டிலுள்ள லினக்ஸ் பிரிவையும் தொடக்கப் பிரிவையும் அவற்றுக்குரிய இடங்களில் இணைத்து, சேஞ்ச்-ரூட் என்னும் வழியால் அந்த முறைமைக்குள்ளேயே புகுந்து, கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப் என்னும் இரண்டு கட்டளைகளைத் தொடர்ந்து கொடுத்தால் வேலை முடிகிறது. விண்டோஸில், அதன் நிறுவல் பென் டிரைவிலிருந்து எழுந்து, பழுதுபார்க்கும் பகுதியைத் தேர்ந்து, ஸ்டார்ட்டப் ரிப்பேர் என்பதை முதலில் முயலலாம். அது பயன்தராவிடின் கட்டளைத் திரையில் தொடக்கப் பிரிவுக்கு ஓர் எழுத்திட்டு, பிசிடி-பூட் என்னும் கட்டளையால் கோப்புகளையும் பட்டியல் வரியையும் ஒருசேரப் புதுப்பிக்கலாம். இவ்விரண்டு வழிகளிலும் உபயோகிப்பவரின் கோப்புகள் தீண்டப்படுவதில்லை.

பயாஸ் முறையில் அமைந்த பழைய யந்திரங்களில், விண்டோஸின் பூட்-ரெக் கட்டளை மேற்கூறிய 446 பைட்டுகளை மட்டும் புதிதாக எழுதித் தரும். பிரிவு அட்டவணையைத் தொடாது. ஆயினும் அங்கே கிரப் இருந்திருப்பின் அது நீங்கிவிடும் என்பதையும், பின்னர் அதனைத் தனியே அமைக்க நேரும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

கிரப் காட்டும் பட்டியலில் விண்டோஸின் பெயர் மட்டும் மறைந்திருந்தால், அது எவருடைய பிழையுமாக இல்லாதிருக்கலாம். 2021-ஆம் ஆண்டில் வெளியான கிரப் 2.06 பதிப்பு முதல், பிற முறைமைகளைத் தேடிக் காணும் வழக்கம் பாதுகாப்புக் கருதி நிறுத்தி வைக்கப்பட்டது. அதன் அமைப்புக் கோப்பில் அத்தேடலுக்கு அனுமதி தரும் வரியை எழுதி, அப்டேட்-கிரப் கட்டளையைக் கொடுத்தால் விண்டோஸின் பெயர் பெரும்பாலும் திரும்பத் தோன்றும்.

பட்டியல் வரியை நீக்குவதாக எண்ணித் தட்டின் பிரிவையே நீக்கியிருப்பின் நிலைமை சற்றுக் கடுமையானது. ஆயினும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. பிரிவை நீக்கும் கட்டளை, அட்டவணையிலுள்ள எல்லைக் குறிப்பை அழிக்கிறதேயன்றி உள்ளிருந்த கோப்புகளைத் துடைப்பதில்லை. டெஸ்ட்-டிஸ்க் என்னும் இலவச மென்பொருள் தட்டை முழுதும் துழாவி, பழைய எல்லைகளைக் கண்டு, அட்டவணையை மீண்டும் எழுத உதவும். இது வெற்றி பெற ஒரே நிபந்தனை, பிரிவு நீங்கியபின் அத்தட்டில் எதுவும் எழுதப்படாதிருத்தல். ஒரு சிறு கோப்பை எழுதினாலும், புதிய முறைமையை ஏற்றினாலும், பழைய கோப்புகளின் மீதே அது எழுதப்பட்டுவிடக்கூடும்.

எச்சரிக்கைகள்

விண்டோஸ் கணிப்பொறிகள் சிலவற்றில் பிட்-லாக்கர் என்னும் மறையாக்கம் இயங்கிக்கொண்டிருக்கும். தொடக்க ஏற்பாட்டில் மாறுதல் நேர்ந்ததை அது உணர்ந்தால், 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோலைக் கேட்கும். அவ்வெண் கையில் இல்லையெனில், தட்டிலுள்ள விவரங்களை உரியவரே படிக்க இயலாது. ஆகவே தொடக்கப் பட்டியலில் கை வைக்குமுன் அவ்வெண்ணை எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுதல் இன்றியமையாதது.

தொடக்கப் பட்டியல் முழுவதையும் துடைத்துப் புதிதாக எழுதலாம் என்ற எண்ணமும் தவிர்க்கத்தக்கது. ஃபர்ம்வேரின் நினைவகத்தில் பட்டியலோடு வேறு பல அமைப்புக் குறிப்புகளும் உள்ளன. லினக்ஸில் அக்குறிப்புகள் கோப்புகளைப் போலவே காட்சியளித்தமையால், எல்லாக் கோப்புகளையும் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தவர்கள் அவற்றையும் சேர்த்து அழித்துவிட்டனர். அதனால் சில மடிக்கணினிகள் அமைப்புத் திரைக்கும் வராமல் முற்றிலும் செயலிழந்தன. இது 2016-ஆம் ஆண்டில் பரவலாக அறியப்பட்டது. அதன்பின் அக்குறிப்புகள் எளிதில் அழிக்கப்படாதவாறு லினக்ஸ் கருவிலேயே காப்பு சேர்க்கப்பட்டது.

முன்னேற்பாடு

வருமுன் காத்தலுக்கு இங்கே பொருட்செலவு மிகுதியாக இல்லை. பட்டியலைத் திருத்துமுன் அதிலுள்ள எல்லா வரிகளையும், எண், பெயர், கோப்பின் இருப்பிடம் உட்பட, ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். கைப்பேசியால் திரையைப் படமெடுத்தாலும் போதும். விண்டோஸின் பிசிடி தொகுப்பைப் பிசிடி-எடிட் என்னும் கட்டளையால் ஒரு கோப்பாக நகலெடுத்து வைக்கலாம். அலுவலகத்துக்கு ஒன்றாக, முன்னரே இயக்கிச் சோதித்த பென் டிரைவை அலமாரியில் வைத்திருத்தல் நலம்.

யாவற்றினும் சிறந்த வழி, உடனே நீக்காதிருத்தலே. ஃபர்ம்வேரின் பட்டியலில் ஒரு வரியை நீக்காமலே செயலற்றதாக்கலாம். அல்லது வரிசையின் கடைசிக்குத் தள்ளலாம். அவ்வாறு செய்தபின் கணிப்பொறியை நிறுத்தி மீண்டும் எழுப்பி, ஒரு வாரம் குறைவின்றி இயங்கக் கண்டபின் அவ்வரியை நீக்கலாம். தவறான வரியைச் செயலற்றதாக்கியிருப்பினும் அதனைத் திரும்ப எழுப்ப ஒரு கணமே போதும்.

வகுப்பறையில் இதனைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர்கள் உண்மையான கணிப்பொறியைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. வர்ச்சுவல்-பாக்ஸ் போன்ற மென்பொருளால் கணிப்பொறிக்குள்ளேயே ஒரு மெய்நிகர்க் கணிப்பொறியை அமைத்து, அதன் தொடக்கப் பதிவை மாணாக்கரைக் கொண்டே நீக்கச் செய்து, மீண்டும் எழுதச் செய்யலாம். கணிப்பொறி போதாத பள்ளிகளில் நான்கு மாணாக்கரும் சில அட்டைகளுமே போதுமானவை. முதல் மாணாக்கர் ஃபர்ம்வேர். அவர் கையில் ஒரு முகவரி அட்டை. இரண்டாமவர் பூட் லோடர், மூன்றாமவர் கரு, நான்காமவர் மதிப்பெண் பதிவேட்டைக் காப்பவர். முதல்வரின் அட்டையை வாங்கிக்கொண்டால் ஆட்டம் நின்றுவிடும். ஆயினும் பதிவேடு நான்காமவர் கையிலேயே பத்திரமாக இருக்கும். அட்டையைத் திரும்ப எழுதித் தந்ததும் ஆட்டம் தொடரும். மாணாக்கர் இதனை ஒருமுறை கண்டால் பின்னர் மறவார்.

கிரப்பையும் விண்டோஸ் பூட் மேனேஜரையும் உலகில் எங்கிருந்தும் மீண்டும் பெறலாம். அவற்றைத் திரும்ப அமைத்தல் பெரும்பாலும் ஒரு மணி நேர வேலை. சென்ற ஐப்பசியில் பெய்த மழையையோ மறுபடி அளக்க இயலாது; கிராமம் கிராமமாகச் சென்று எடுத்த மண் மாதிரிகளை அதே பருவத்தில் மீண்டும் எடுக்க இயலாது; பள்ளியை விட்டுச் சென்ற மாணாக்கரை அழைத்து அத்தேர்வைத் திரும்ப நடத்தவும் இயலாது. கருந்திரையின் முன் அமர்ந்திருப்பவர் இவ்வேறுபாட்டை நினைவிற் கொண்டு, முதலில் நகலெடுத்தலையும் பிறகே திருத்துதலையும் வழக்கமாகக் கொண்டால், தவறாக நீக்கிய ஒரு வரி ஒரு காலைப்பொழுதின் தாமதத்தோடு நின்றுவிடும்.